மூன்று பவுன் வரி: வரலாற்றுப் பாடம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வரலாற்றுப் பாடம் எழுதும் குழுவினரும், அதை வகுப்பில் நடத்தும் ஆசிரியர்களும்

வணக்கம்.

பவுன் என்றால் எட்டு கிராம் தங்கம் என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணப் பேச்சிலும் அடகுக் கடையிலும் அந்தச் சொல்லைக் கேட்டேதான் வளர்கிறார்கள். பிரிட்டிஷாரின் ஒரு பவுண்டு தங்க நாணயத்திலிருந்து வந்த சொல் அது. அந்த நாணயத்தின் எடை எட்டு கிராமுக்குச் சற்றே குறைவு. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனியில் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலி வேலையை முடித்த தமிழரும் தெலுங்கரும் பிற இந்தியரும், மறுபடி ஒப்பந்தத்தில் சேராமல் அங்கேயே வாழ விரும்பினால், ஆளுக்கு ஆண்டுதோறும் அப்படி மூன்று நாணயம் கட்ட வேண்டியிருந்தது. 1913இல் நேட்டாலின் சுரங்கங்களும் கரும்புத் தோட்டங்களும் ஸ்தம்பித்ததற்கு முக்கியக் காரணம் இந்த மூன்று பவுன்தான்.

பாடம் நடத்தும்போது இது 'மூன்று பவுண்டு தலைவரி' என்ற சொற்றொடராக வந்து, உடனே காந்தியின் ஊர்வலத்துக்குக் கதை தாவிவிடுகிறது. வரி ஏன் மூன்று பவுண்டு, யாரை எதற்குள் தள்ளுவதற்காக அதைப் போட்டார்கள் என்பது பிள்ளைக்குப் புரியாவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத பல்லாயிரம் பேர் தாமாகவே வேலையைக் கீழே போட்டது ஏதோ ஒரு தலைவரின் மந்திரம் போலத்தான் தெரியும். ஆகவே எங்கள் கோரிக்கை இது: கதைக்கு முன்னால் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள்.

கணக்கு எளிது. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஒப்பந்தத்தில் போன ஆணுக்கு முதலாண்டு மாதக் கூலி 10 ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். உணவுப் பங்கீடும் தங்குமிடமும் தனி. ஐந்தாண்டுக் கூலியைக் கூட்டினால் 120, 132, 144, 156, 168, ஆக மொத்தம் 720 ஷில்லிங். அதாவது 36 பவுண்டு. நோய்க்கும் வராத நாளுக்கும் பிடித்தம் ஏதுமில்லாமல் முழுதாகக் கைக்கு வந்தால்தான் அவ்வளவும். பெண்ணுக்குக் கூலி பாதி: தொடக்கத்தில் மாதம் 5 ஷில்லிங். இப்போது வரியைப் பக்கத்தில் வையுங்கள். மூன்று பவுண்டு 60 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டு ஆணுக்கு அது நான்கு மாதக் கூலிக்கு மேல். முதலாண்டுப் பெண்ணுக்கு அது சரியாகப் பன்னிரண்டு மாதக் கூலி.

1895இல் நேட்டால் நிறைவேற்றிய 17ஆம் எண் சட்டத்தில் வந்த வரி இது. முதலில் வெள்ளைக் குடியேறிகள் கேட்டது ஆளுக்கு 25 பவுண்டு. அன்றைய வைசிராய் எல்ஜின் பிரபுவின் அரசு அதை மூன்றாகக் குறைத்து ஒப்புக்கொண்டது. நம் மாணவர்கள் இந்த வாக்கியத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். கல்கத்தாவில் இருந்த இந்திய அரசின் சம்மதம் இல்லாமல் இந்த வரி வந்திருக்காது. சட்டத்துக்குப் பின் கப்பலேறியவர்கள் ஐந்தாண்டு முடித்து வெளியே வந்த 1901 வாக்கில் வசூல் தொடங்கியது. 1903இல் இன்னொரு சட்டம் பிள்ளைகளையும் வளைத்தது: 16 வயது நிரம்பிய மகனும் 13 வயது நிரம்பிய மகளும் தனித்தனியே கட்ட வேண்டும். அப்பா, அம்மா, மகன், மகள் என நால்வர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 12 பவுண்டு, அதாவது 240 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டில் ஓர் ஆள் வருடம் முழுக்க உழைத்து வாங்குவது 168. மூன்று வருட வரி, குடும்பத் தலைவன் ஐந்து வருடம் பாடுபட்ட மொத்தக் கூலிக்குச் சமம்.

வரவைவிட அதிகமாக ஏன் வரி போட்டார்கள்? வரியைத் தவிர்க்கச் சட்டமே இரண்டு வழி வைத்திருந்தது: மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, இல்லையென்றால் கப்பலேறி ஊர் போ. தோட்டக்காரருக்கு வேண்டியது மலிவான கை. வெள்ளைக் கடைக்காரருக்கும் சிறு விவசாயிக்கும் வேண்டியது போட்டிக்கு இந்தியன் இல்லாத சந்தை. காய்கறி பயிரிட்டு டர்பன் சந்தையில் விற்க ஆரம்பித்திருந்த முன்னாள் கூலிகள் இருவர் கண்ணிலும் உறுத்தினார்கள். இரண்டு தேவைக்கும் ஒரே பூட்டு இந்த வரி. கஜானாவில் சேர்ந்த தொகையை வைத்து இதை அளக்கக் கூடாது. எத்தனை பேர் மறுபடி ரேகை வைத்தார்கள் என்பதே இதன் அளவு. கட்ட முடியாதவர் கடன்பட்டார், சிறை போனார், அல்லது தோட்டத்துக்கே திரும்பினார்.

இங்கே வகுப்பில் வழக்கமாக நேரும் ஒரு தவறு. பவுன் என்றதும் பிள்ளைகள் இன்றைய தங்க விலையால் பெருக்கி இத்தனை லட்சம் என்று சொல்லிவிடுவார்கள். அது தவறான விடை. மூன்று பவுன் தங்கம் என்பது கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டும். வரியின் கனம் தெரிய வேண்டுமானால் அதைக் கூலி மாதங்களாகத்தான் மாற்ற வேண்டும். அக்கால ரூபாயாக மாற்றினால் தவறில்லை: அந்தக் காலத்தில் ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். மாதம் 10 ஷில்லிங் என்பது ஏழரை ரூபாய். தானியமே கூலியாக இருந்த வட ஆர்க்காட்டுக் கிராமத்தில் ஆள்பிடிக்கும் தரகன் இந்த ஏழரை ரூபாயைச் சொன்னபோது எப்படிக் கேட்டிருக்கும் என்பதையும் பிள்ளைகள் யோசிக்கட்டும். போனவர்கள் முட்டாள்கள் அல்லர்.

வரிக்கு முன்பே ஒப்பந்தம் எப்படி ஒரு கூண்டாக இருந்தது என்பதையும் இரண்டு விதிகளை வைத்துக் காட்டலாம். வேலையை விட்டுப் போவது சாதாரணமாக ஒரு சிவில் தகராறு. ஒப்பந்தக் கூலிக்கு அது குற்றம், சிறைத் தண்டனை உண்டு. 1894இல் முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்து காந்தியிடம் வந்த தமிழர் பாலசுந்தரத்துக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச நிவாரணம், இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரி மூலம் வேறொரு முதலாளிக்கு மாற்றப்படுவது மட்டுமே. ஒப்பந்தத்திலிருந்து விடுதலை கிடையாது. இன்னொரு விதி 1891ஆம் ஆண்டுச் சட்டத்தின் 101ஆம் பிரிவு. ஒரு தோட்டத்துக் கூலிகள் பலர் சேர்ந்து அனுமதியில்லாமல் முறையிடப் போனால், முறையீடு நியாயமானதாகவே இருந்தாலும் அவர்களுக்குத் தண்டனை. இந்தப் பிரிவு பாடப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்று அழுத்திக் கேட்கிறோம். 1913இல் கூட்டமாக வெளியே நடந்தவர்கள் எதை மீறினார்கள் என்று அதைப் படித்தால்தான் தெரியும்.

நேட்டாலை அடுத்த டிரான்ஸ்வாலில், ஆசியர்கள் பதிவுச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று 1907இல் வந்த ஆசியர் பதிவுச் சட்டமும், பத்து விரல் ரேகையும், 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் பெரிய பானையில் போட்டு எரித்த பதிவுச் சீட்டுகளும் பலருக்கும் தெரிந்தவை. அந்த எதிர்ப்பில் தமிழர் பங்கு மட்டும் விட்டுப்போகிறது. மொரீசியசில் பிறந்த தம்பி நாயுடு, ஜோகன்னஸ்பர்க் தமிழர் சங்கத்தின் தலைவர், திரும்பத் திரும்பச் சிறை போனவர். சாலை வேலைச் சிறை முகாமின் குளிரில் சளிச்சுரம் கண்டு 1909 ஜூலை 6 அன்று இறந்த நாகப்பன் ஓர் இளைஞர். நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்தபோது கரையிறங்க விடாமல் அலைக்கழிக்கப்பட்ட நாராயணசாமி 1910 அக்டோபர் 16 அன்று மொசாம்பிக்கின் டெலகோவா விரிகுடாவில் இறந்தார்.

1913க்கு வருவோம். நிகழ்ச்சிகள் ஒன்றை ஒன்று எப்படித் தள்ளின என்பது இங்கே முக்கியம். 1912 இறுதியில் காங்கிரஸ் தலைவர் கோகலே தென்னாப்பிரிக்கா சென்று திரும்பும்போது, வரியை எடுத்துவிடுவதாக அமைச்சர்கள் வாக்களித்ததாகப் புரிந்துகொண்டு வந்தார். அந்த வாக்கு காப்பாற்றப்படவில்லை. 1913 மார்ச் 14 அன்று கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் மதச் சடங்குப்படி நடந்த திருமணங்களைச் சட்டத்தின் கண்ணில் செல்லாதவை ஆக்கியது. நம் பெண்கள் மனைவி என்ற நிலையை இழந்தார்கள். வரி கூலிக்காரரைச் சுட்டது. தீர்ப்பு எல்லா வீட்டையும் சுட்டது.

பெண்கள் தொடங்கியதை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையைச் சேர்ந்த டிரான்ஸ்வால் பெண்கள் பதினொருவர், பெரும்பாலும் தமிழர், சிலர் கைக்குழந்தையோடு, முதலில் எல்லையில் கைதாக முயன்றார்கள். காவலர் பிடிக்கவில்லை. அப்படியே நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். ஏன் நியூகாசில்? ரயிலும் தொழிற்சாலையும் ஓடுவது அந்த நிலக்கரியில். அவர்கள் சுரங்கத் தொழிலாளரிடம் தமிழிலும் தெலுங்கிலும் பேசியதும் வரிக் கணக்கைத்தான். அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 21ஆம் தேதி பெண்கள் கைதாகி மூன்று மாதச் சிறை போனார்கள். நிறுத்தம் அதனால் பெருகியதே தவிர அடங்கவில்லை.

முதலாளிகளின் பதில் எளிது: குடியிருப்புக்குத் தண்ணீரும் விளக்கும் நிறுத்து. வீடு முதலாளியுடையதாக இருக்கும்போது வேலைநிறுத்தம் எங்கே தோற்கும் என்பதற்கு இது பாடம். ஆகவே தொழிலாளர் வீட்டைவிட்டே வெளியேறினார்கள். நியூகாசிலில் லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் கதவைத் திறந்தது. இந்திய வணிகர்கள் அரிசியும் பாத்திரமும் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோரை ஓரிடத்தில் வைத்துச் சோறு போடுவது நடக்காத காரியம். அதனால் 36 மைல் தள்ளி, எல்லையோரச் சார்ல்ஸ்டவுனுக்கு நடத்திச் சென்றார்கள். வழியில் ஆளுக்கு நாள் பங்கீடு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை; இன்றைய அளவில் ஏறத்தாழ 680 கிராமும் 28 கிராமும். தேவைக்கு மேல் துணி எடுக்கக் கூடாது, வழியில் யார் பொருளையும் தொடக் கூடாது, வெள்ளையர் திட்டினாலும் அடித்தாலும் பொறுக்க வேண்டும், கைது செய்தால் போக வேண்டும் என்பவை விதிகள். நவம்பர் 6 காலை சார்ல்ஸ்டவுனிலிருந்து எல்லை கடக்கப் புறப்பட்டவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். அனுமதிச் சீட்டில்லாமல் டிரான்ஸ்வாலுக்குள் வைக்கும் ஒவ்வோர் அடியும் குற்றம் என்பதைச் சொல்லாமல் இதை வெறும் ஊர்வலம் என்று எழுதினால் பொருள் போய்விடுகிறது.

நான்கு நாளில் காந்தி மூன்று முறை கைதானார். நவம்பர் 10 அன்று டிரான்ஸ்வாலின் பால்ஃபரில் மற்றவர்களை மூன்று தனி ரயில்களில் ஏற்றி நேட்டாலுக்கே திருப்பினார்கள். அடுத்து அரசு செய்ததுதான் இந்த வரலாற்றிலேயே மிகக் கொடியது. சிறையில் இடமில்லை, நிலக்கரியும் வேண்டும். ஆகவே சுரங்கக் குடியிருப்புகளையே நேட்டாலின் டண்டி, நியூகாசில் சிறைகளின் கிளைகள் என்று அறிவித்து, சுரங்கத்தின் வெள்ளை ஊழியர்களைச் சிறைக் காவலர்களாக நியமித்தார்கள். நேற்றுவரை கூலிக்கு இறங்கிய அதே குழியில் இன்று தண்டனைக் கைதியாக இறங்கு, மறுத்தால் சவுக்கு. ஒப்பந்தக் கூலிக்கும் சிறைக்கும் இடையே இருந்த தூரம் ஒரு அறிவிப்புத் தாளின் கனம்தான்.

இனி நாங்கள் மிக அதிகமாகக் கவலைப்படும் இடம். நவம்பர் 11 அன்று டண்டியில் காந்திக்கு ஒன்பது மாதக் கடுங்காவல் விதித்தார்கள். அவரும் உடனிருந்த முன்னணியினரும் உள்ளே போன பிறகுதான் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களும் டர்பன் நகரமும் எழுந்தன. சுமார் 20,000 பேர் வேலையை நிறுத்தினார்கள். ஆலைக்குக் கரும்பு போகும் பருவம் அது. அழைப்பு விடுத்தவர் யாருமில்லை. அங்கே போராட்டத்தை நடத்தும் குழுவும் இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் செய்தி போனது, ஆட்கள் நடந்தார்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் தோட்டத்திலும் எஸ்பெரான்சா பக்கத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. பச்சையப்பன், ராகவன், செல்வன் என்று இறந்தவர்களின் பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. முதியவர் ஹர்பத்சிங் 1914 ஜனவரியில் டர்பன் சிறையில் இறந்தார். தில்லையாடி வள்ளியம்மைக்கு மண்டபம் கட்டியிருக்கிறோம், கட்டத்தான் வேண்டும். பச்சையப்பனின் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

வள்ளியம்மையைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். ஜோகன்னஸ்பர்க்கில் வளர்ந்த பெண். 1913 டிசம்பரில் மூன்று மாதத் தண்டனை பெற்று, சிறைக் காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். நாகப்பனும் அவரும் பிராம்ஃபோன்டைன் கல்லறையில் இருக்கிறார்கள். சேலையைக் கிழித்துக் கொடி என்று காட்டினார், நம் மூவண்ணம் அதிலிருந்து வந்தது என்ற கதையை மேடைகளில் சொல்கிறார்கள். காங்கிரசின் முதல் மூவண்ண வரைவே 1921இல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) வந்தது. அந்தக் கதை பாடத்தில் நுழைய வேண்டாம். சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று நோய்ப் படுக்கையில் கேட்டதற்கு, மறுபடியும் போவேன் என்று சொன்னதாகக் காந்தியே எழுதியிருக்கிறார். அது போதும். அதற்குமேல் அவர் வாயில் வசனம் வைப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1914இல் 22ஆம் எண் இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை ஒழித்தது, பழைய பாக்கியையும் தள்ளியது, ஒரு மனைவி உள்ள திருமணத்தை ஏற்றது. எதைக் கொடுக்கவில்லை என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள்: வாக்குரிமை இல்லை, டிரான்ஸ்வாலில் நிலம் வாங்கத் தடை நீடித்தது, ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டுக்குள் நுழைவும் அப்படியே. வெற்றி என்ற ஒற்றைச் சொல் இங்கே பிள்ளைகளை ஏமாற்றும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. வரியைக் கொண்டு ஆளை வேலைக்குத் துரத்தும் வித்தையை நேட்டால் நம்மவர்மேல் முதலில் பரிசோதிக்கவில்லை. ஆப்பிரிக்கர்களின் ஒவ்வொரு குடிசைக்கும் 1849 முதல் 7 ஷில்லிங் வரி, 1875 முதல் 14 ஷில்லிங். அதற்குமேல் ஒரு பவுண்டு தலைவரி வந்தபோது 1906இல் பம்பாதா தலைமையில் ஜூலு மக்கள் எழுந்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அப்போது காந்தி பிரிட்டிஷ் தரப்பில் காயம்பட்டவர்களைச் சுமக்கும் தூக்குக் கட்டில் படையை நடத்தினார் என்பதும் வரலாறு. நம்மவர் எல்லை கடந்த அதே 1913இல்தான் ஆப்பிரிக்கரின் நிலவுரிமையை நாட்டின் சுமார் 7 சதவீதப் பரப்புக்குள் அடக்கிய நிலச் சட்டம் வந்தது. புளூம்ஃபோன்டைனில் ஆப்பிரிக்கப் பெண்கள் பாஸ் என்ற நடமாட்ட அனுமதிச் சீட்டை எதிர்த்துச் சிறை போனதும் அந்த ஆண்டே. இரு போராட்டமும் அன்று கைகோக்கவில்லை. ஏன் என்று மாணவர் கேட்கட்டும். சங்கடமான கேள்வி என்பதால் அதை விட்டுவிட வேண்டாம்.

கடைசியாக, வகுப்பில் செய்ய ஒரு பயிற்சி. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்த ட்ரூரோ கப்பலின் 342 பேர் தொடங்கி, 1911இல் ஆள் அனுப்புவது நின்றது வரை 1,52,184 பேருக்கும் ஆளுக்கொரு காலனி எண் உண்டு. கப்பல் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று பத்திகள் போகும். நாலைந்து வரிகளைப் பாடநூலில் அச்சிட்டு, ஊரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தவறும் இடங்கள் இவை. சென்னை என்பது துறைமுகம். அதைச் சொந்த ஊர் என்று எழுதிவிடுவார்கள். வட ஆர்க்காடு என்றால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலைப் பக்கம் மட்டுமல்ல. சித்தூர் 1911இல்தான் தனி மாவட்டமானது, ஆகவே தெலுங்குக் கிராமமும் அதில் அடங்கும். வெள்ளைக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதிய பெயரைக் கண்ணால் படித்தால் பிடிபடாது. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்சாமி முனுசாமி, மூட்லி முதலி, கோவெண்டர் கவுண்டர், படயாச்சி படையாச்சி. இன்றும் டர்பனில் இவை குடும்பப் பெயர்கள். 'கூலி' என்ற நம் சொல் அங்கே நிறவெறி வசையாகிப் போனதையும், சாமி என்று முடியும் பெயர்களால் எல்லா இந்தியரையும் 'சாமி' என்றே கூப்பிட்டதையும் இந்த இடத்தில் சொல்லலாம்.

சாதிப் பத்தியை மட்டும் வகுப்பில் மூடிவிடுங்கள். கேட்டு எழுதியவருக்குப் புரியாமலும், சொன்னவர் மாற்றிச் சொல்லியும் நிரம்பிய பத்தி அது. பிள்ளைகள் தங்கள் சாதியை அதில் தேட ஆரம்பித்தால் பாடம் அங்கேயே நின்றுவிடும். தந்தை பெயர்ப் பத்தியைத் திறந்து வையுங்கள். கப்பல் ஏறியவர் விட்டுப்போன வீடு இங்கே எந்தத் தெருவில் இருந்தது என்று தேட, தாலுகாவும் கிராமமும் தந்தை பெயரும் சேர்ந்தால் ஒரு பள்ளிக்கூடத்தால் முடியும்.

இப்படிக்கு,
ஒப்பந்தக் கூலிப் பதிவேடுகளைப் படித்து வருவோர் சிலர்